ரூல் 35: உள்ளே இருக்கிற எங்கட ஆக்கள் டொக்டரிட்ட கேக்கவேண்டியது

வன்னிக்குருவி:
ரூல் 35 எண்டது பிரித்தானியக் குடிவரவுத் தடுப்பு முகாம்களின்ர ஒரு விதி. தடுப்பு ஒருத்தருக்குத் தீங்கு, இல்லாட்டி அவர் சித்திரவதைப்பட்டவர் எண்டு முகாம் டொக்டர் ஹோம் ஆபிஸுக்கு (உள்துறை அமைச்சுக்கு) அறிக்கை எழுதிறது அதின்படிதான். ஹார்மண்ட்ஸ்வேர்த், கோல்ன்புரூக், புரூக் ஹவுஸ் எந்த முகாமெண்டாலும் நடைமுறை ஒண்டுதான். உள்ளே கொண்டுபோய் 2 மணித்தியாலத்துக்குள்ள நேர்ஸ் பாப்பா. 24 மணித்தியாலத்துக்குள்ள டொக்டர் பாக்கவேணும். விடியப்புறம் வந்து இறங்கின மனுசனிட்ட, போனில மொழிபெயர்ப்பாளரை வச்சு "சித்திரவதை அனுபவிச்சிருக்கிறீங்களா?" எண்டு கேட்டால் அரைவாசிப்பேர் "இல்லை" எண்டுதான் சொல்லுவினம். அந்த "இல்லை" பிறகு அகதிக் கேஸில வந்து நிக்கும். "ஓம்" எண்டு சொன்னாலும் நேர்ஸின்ர குறிப்பு ரூல் 35 ஆகாது, டொக்டர்தான் எழுதவேணும். அதாலே "ரூல் 35 அப்பொயின்ட்மென்ட்" எண்டு பேரைச் சொல்லியே கேளுங்கோ. கேட்ட திகதியைக் கடதாசியில குறிச்சு வையுங்கோ. சும்மா "டொக்டரைப் பாக்கவேணும்" எண்டு போனால் பனடோலோடதான் திரும்பவேணும்.

மழைக்கோட்டு:
ஒண்டு சேர்க்கிறன். அதில மூண்டு வகை இருக்கு. தடுத்து வச்சிருந்தால் உடல்நலம் கெடும் எண்டால் 35(1), தற்கொலை எண்ணம் எண்டால் 35(2), சித்திரவதை எண்டால் 35(3). எங்கட ஆக்களுக்கு எல்லாரும் மூண்டாவதைத்தான் கேக்கினம். ஆளை இரவிரவாக் கண்காணிப்பில வச்சிருந்தாலும் 35(2) தானா வராது, தனியாக் கேக்கவேணும். 2017-இல் புரூக் ஹவுஸில காவலர்கள் உள்ளே இருந்த ஆக்களைக் கொடுமைப்படுத்தினதை விசாரிச்ச கேற் ஈவ்ஸ் குழு 2023 செப்டம்பரில அறிக்கை விட்டது. விசாரணைக்கு எடுத்த அந்த 2017-ஆம் ஆண்டு ஐந்து மாதத்தில 35(2) ஒண்டுகூட எழுதப்படேல்லை எண்டு அதில இருக்கு.

அடுத்தது, ரூல் 35 அறிக்கைப் பிரதியை இலவசமாத் தரவேணும். கையில வந்த உடனே, "தொடர்ந்து தடுத்து வைப்பதால் என்ன பாதிப்பு" எண்ட பகுதியைப் பாருங்கோ. "தழும்புகள் சொன்ன கதையோட ஒத்துப்போகுது" எண்டு மட்டும் எழுதினால் ஹோம் ஆபிஸ் தன்ர மூண்டு ஆபத்து மட்டத்தில இரண்டாம் மட்டத்தில போடும், ஆள் உள்ளேயே இருக்கவேண்டி வரலாம். தடுப்பு இவருக்குத் தீங்கு செய்யும் எண்டு டொக்டர் எழுதினால்தான் மூண்டாம் மட்டம். பிழைக்கிறது பெரும்பாலும் இந்த இடத்திலதான். வெறுமையா விட்டிருந்தால் திரும்பப் போய் நித்திரையின்மை, கெட்ட கனவு, கதவு பூட்டுற சத்தத்துக்கு நடுங்கிறது எல்லாத்தையும் சொல்லி எழுதச் சொல்லுங்கோ. ஹோம் ஆபிஸ் இரண்டு வேலைநாளில பதில் தரவேணும்.

ஆவணிக்காத்து:
மொழிபெயர்ப்பை ஆரும் கவனிக்கிறேல்லை. "ஆமி சுட்டது" எண்டால் துவக்காலயா, சிகரெட்டாலயா? ஆங்கிலத்தில இரண்டும் வேறை சொல். ஒருக்கா மாறி எழுதினால் தழும்பின்ர வடிவமும் கதையும் பொருந்தாது. எதால சுட்டது எண்டதையும் சேர்த்துச் சொல்லவேணும். மாதமும் அப்பிடித்தான். எங்களுக்கு ஆவணி எண்டால் ஓகஸ்ட். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளருக்கு அது செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும் போகும். "எட்டாம் மாதம்" எண்டு சொல்லுங்கோ. இலங்கைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டும் கேக்கலாம்.

வன்னிக்குருவி:
ஆவணி, இதை முதலே எழுதியிருக்கலாம்!

பிணையில வெளிய வர என்ன செய்யவேணும் எண்டு கேட்டிருந்தவைக்கு: சொலிசிட்டர் இல்லையெண்டால் முகாம் லைப்ரரியிலயோ வெல்ஃபெயர் ஒஃபிசிலயோ பேர் குடுத்து 30 நிமிச இலவச ஆலோசனை எடுக்கலாம். பிணை மனுவுக்கு ஹோம் ஆபிஸ் குடுக்கிற எதிர்ப்புச் சுருக்கம் விசாரணைக்கு முந்தின வேலைநாள் பின்னேரம் 2 மணிக்குள்ள வரவேணும். அதில ரூல் 35 பற்றி ஒரு வரியும் இல்லையெண்டால் அறிக்கையை நீங்களே நீதிபதிக்கு முன்னால வையுங்கோ. தங்கிற விலாசம் இல்லாமல் அவசரப்பட்டு மனுப் போடாதேங்கோ. ஒருக்கா மறுத்தால், புதுசா ஏதும் மாறினால் ஒழிய 28 நாளைக்கு அடுத்த விசாரணை கிடையாது.

மழைக்கோட்டு:
கமரா உள்ள போனை வாசலிலயே வாங்கி வச்சிட்டு, கமரா இல்லாத சின்னப் போன் குடுப்பினம். அதுக்கு முதல் வீட்டு நம்பர், சொலிசிட்டர் நம்பர், ஹோம் ஆபிஸ் ரெஃபரன்ஸ் மூண்டையும் பேனையால கையில எண்டாலும் எழுதிக்கொள்ளுங்கோ.