சைக்ஸ் என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

கேள்வி:
இங்கிலாந்தில் சைக்ஸ் என்ற பெயரின் பொருள் என்ன? எல்லோரும் ஒரே வம்சமா, இல்லை தனித்தனியாக வந்த பெயரா?

பதில் 1:
பழைய ஆங்கிலத்தில் ‘சிக்’ என்றால் சின்ன ஓடை, ஒரே எட்டில் தாண்டிவிடலாம், ஆனால் வடக்கே இரண்டு நிலங்களுக்கு எல்லையாக அதைத்தான் பல இடங்களில் வைத்துக்கொண்டார்கள். ஓடையருகே குடியிருந்தவரை அதை வைத்தே அழைத்தார்கள், அது பரம்பரைப் பெயராக ஒட்டிக்கொண்டது. தெற்கே இதே சொல் ‘சிட்ச்’ ஆனது. வடக்கில்தான் ‘க்’ ஒலி தங்கியது.

பதில் 2:
அப்புறம் வம்சம். ஆக்ஸ்போர்டு மரபணுவியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோமை (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் மரபணுத் தொகுதி) ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வகை, அதாவது அவர்கள் ஒரே மூதாதையின் வழி வந்திருக்கலாம்! ஓடைகள் எங்கும் இருப்பதால் பல மூலங்கள் இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்கு இது இன்னும் வியப்புதான்.

கேட்டவர்:
நன்றி! இப்போது எங்கே அதிகம்?

பதில் 1:
இன்றும் வட இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயர்தான், குறிப்பாக ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம். 1881 கணக்கெடுப்பிலும் அதே இடம்தான். குடியேறியவர்கள் வழியாக அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிறைய இருக்கிறார்கள்.