வாட்ஸ்அப் குழுவில் வந்த விவசாயக் கடன் விளம்பரம், நம்பலாமா?

மன்னார்குடிப்பையன்:
வணக்கம். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, அதுபோக அப்பா மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பார்க்கிறார். சம்பாவுக்கு நாற்று விட வேண்டிய நேரம், உழவுக்கும் டிஏபிக்கும் கையில் காசு இல்லை. எங்கள் ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் 'கிசான் கடன் 5 லட்சம், ஆதார் மட்டும் போதும், பத்து நிமிடத்தில் பணம்' என்று பிரதமர் படம் போட்ட விளம்பரம் வந்தது. அனுப்பியவர் தெரிந்தவர் என்பதால் அப்பா முழுசாக நம்புகிறார். அதில் இருந்த எண்ணுக்குப் பேசினால் முதலில் ப்ராசசிங் ஃபீஸ் கட்டுங்கள் என்கிறார்கள், வாட்ஸ்அப்பிலேயே ஒரு ஆப் ஃபைலும் அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் திறக்கவில்லை. சொசைட்டியில், அதாவது கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கேட்டால் குத்தகை நிலத்துக்குக் கடன் கிடையாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ரிட்டயர்டு_வங்கிக்காரன்:
தம்பி, அந்த ஃபைலைத் திறக்காமலே அழித்துவிடு. பிஎம் கிசான் பெயரில் இப்படி ஏபிகே ஃபைல் (திறந்தால் போனில் ஆப்பாக ஏறிக்கொள்ளும் ஃபைல்) அனுப்பி, போனுக்கு வரும் ஓடிபியை எல்லாம் படித்துக் கணக்கைத் துடைப்பது ரொம்ப நாளாக நடக்கிறது. தெரிந்தவர் அனுப்பினார் என்பதற்கு அர்த்தமே இல்லை, அவருக்கும் யாரோ அனுப்பியிருப்பார்கள், சில நேரம் அவர் போனையே பிடித்து அதிலிருந்து அனுப்புவார்கள்.

ஆப் மூலம் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. பணம் வங்கி அல்லது பதிவு பெற்ற நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உன் கணக்குக்கு வர வேண்டும், நடுவில் இன்னொருவர் கணக்கு வரக்கூடாது. ஆண்டு வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று ஒரு தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் தொடக்கூடாது. இடையில் இருக்கும் ஆப்காரன் உன்னிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கவும் கூடாது. முதலில் ஃபீஸ் என்று கேட்டபோதே கதை முடிந்தது.

உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு, அதாவது விவசாயிகளுக்கான கடன் அட்டை கேளுங்கள். 3 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 தான். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. சொசைட்டிப் பயிர்க்கடன் என்றால் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. பட்டா எண் தெரிந்தால், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை அரசின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலுக்கு விஏஓவை (கிராம நிர்வாக அலுவலர்) பார்க்க வேண்டும்.

மஞ்சக்காட்டான்:
சார், சொல்றதெல்லாம் சரிதான், ஆனால் வங்கிக் கவுண்டரில் அப்படி நடக்கிறதா? எங்கள் பக்கம் ஈரோட்டில் 2 லட்சம் வரை அடமானம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே "நகை இருந்தா கொண்டு வாங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார்கள். அப்புறம் சிபில், அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவும் மதிப்பெண்ணும். 2025இல் சொசைட்டிகளில் பயிர்க்கடனுக்கே சிபில் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்து விவசாய சங்கங்கள் கொதித்தது நினைவிருக்கும். அவசரத்துக்கு ஆப்பில் வாங்கிய நாலாயிரம் ஐயாயிரம் பாக்கி நின்றாலும், பதிவு பெற்ற நிறுவனம் என்றால் அது சிபிலில் ஏறிவிடும், பிறகு வங்கியில் பெரிய கடன் கேட்கும்போது அதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். இந்தச் சின்ன ஆப் கடனின் உண்மையான விலை அங்கேதான் தெரிகிறது, வட்டியில் இல்லை.

கீழ்வேளூர்க்காரி:
வாட்ஸ்அப்பையே திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் குழுவில்தான் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள், கடன் முகாம் எந்த ஊரில், சொசைட்டியில் உரம் வந்ததா இல்லையா எல்லாம் தெரிகிறது. முன்பெல்லாம் முகாம் முடிந்த பிறகுதான் பெண்களுக்குத் தகவலே வரும். தகவலுக்கு அது நல்லது, பணத்துக்கு அல்ல, நாங்கள் அட்மினிடம் சொல்லி லிங்க் போடுகிறவரை உடனே நீக்க வைத்திருக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் ஃபேஸ்புக்கில் பார்த்த ஆப்பில் வாங்கினார். ஐயாயிரம் என்று காட்டி மூவாயிரத்துச் சொச்சம்தான் கணக்கில் ஏறியது, ஏழாம் நாள் ஐயாயிரம் கட்டு என்றார்கள். தாமதமானதும் அவர் போனில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவர் படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பினார்கள். அவரும் குத்தகைக்காரர்தான். சிட்டா யார் பெயரிலோ, பாடுபடுவது யாரோ, எந்தக் கவுண்டரிலும் நிற்க முடியாதவரைத்தான் இவர்கள் சரியாகத் தேடிப் பிடிக்கிறார்கள்.

ரிட்டயர்டு_வங்கிக்காரன்:
மஞ்சக்காட்டான் சொல்வதை மறுக்க மாட்டேன், எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சிலேயே அனுப்பிவிடுவார்கள்.

குத்தகைக்கு இரண்டு வழி. 1969இலேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது, தாசில்தாரிடம் பதியலாம். ஆனால் பதிந்தால் நிலம் திரும்பி வராது என்று நிலக்காரர் பயப்படுவார், அதைக் கேட்டாலே அடுத்த போகம் குத்தகையே இல்லை என்றாகலாம், அது உங்கள் உறவைப் பொறுத்தது. இன்னொன்று கூட்டுப் பொறுப்புக் குழு. நபார்டு (விவசாய, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) திட்டம், நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வங்கியில் வாங்குவது. எழுத்தில் குத்தகை இல்லாதவர்களையும் மனதில் வைத்துத்தான் போட்டார்கள். வாராவாரம் வசூலுக்கு வரும் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அங்கே வட்டி விகிதமே வேறு.

மன்னார்குடிப்பையன்:
நன்றி சார், நன்றி அக்கா. ஃபைலை அழித்துவிட்டேன். சொந்த நிலத்துக்கு முதலில் சொசைட்டியில் எழுதிக் கொடுக்கிறோம், குத்தகைக்காரர்கள் நாலைந்து பேர் தெருவிலேயே இருக்கிறார்கள், அப்பாவைப் பேசச் சொல்லியிருக்கிறேன். குழுவில் ஏற்கனவே இரண்டு பேர் ஃபீஸ் கட்டிவிட்டார்களாம், அவர்கள் என்ன செய்வது?

கீழ்வேளூர்க்காரி:
உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் பண்ணச் சொல்லு தம்பி. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பணம் போன விவரமும் அந்தச் சாட்டும் அழிக்காமல் வைத்திருக்கட்டும், வங்கிக்கும் சொல்லிவிடட்டும்.