அலையாத்தி மரங்களுக்கு 'நுனிமாய்வு': ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அலையாத்தி (மாங்குரோவ்) மரங்கள் கிளை நுனியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் படிப்படியாகக் காய்ந்து சாவதைக் குறிக்க, மிளகாய்ச் சாகுபடியில் வழங்கும் 'நுனிக்கருகல்' என்ற சொல்லே போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். மிளகாயில் பூஞ்சை தாக்குவதால் அங்கே அச்சொல் பொருந்துகிறது. ஆனால் கருகல் என்றாலே நோயும் மருந்துத் தெளிப்பும் நினைவுக்கு வரும். அலையாத்தியிலோ நுனி காய்ந்தாலும் பழுது பெரும்பாலும் வேரில் இருக்கிறது.

நம் எண்ணூர்க் கழிமுகத்து வெண்கண்டல் என்னும் அலையாத்தி வகையையே எடுத்துக்கொள்வோம். உயிர்வளி (ஆக்சிஜன்) அற்ற சேற்றில் அது பிழைப்பதற்குக் காரணம், கிடைவேர்களிலிருந்து மேலெழும் மூச்சுவேர்கள் நீர் வடியும் நேரத்தில் பட்டையின் நுண்துளைகள் வழியாகக் காற்றை வாங்கிச் சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்கு அனுப்புவதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய் அந்த வேர்களின்மேல்தான் அப்பிக்கொண்டது. எண்ணெயோ வண்டலோ துளைகளை அடைத்தால் வேர் மூச்சுத் திணறும், உப்பை வடிகட்டும் ஆற்றலை இழக்கும். இலையுதிர்வும் நுனி காய்தலும் அதன் பின்னரே கண்ணுக்குத் தெரியும். பிச்சாவரத்தில் முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய பகுதிகளில் தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உவர்ப்பு ஏறிக் காடு நலிந்தது. வாய்க்கால் வெட்டி அலைநீர் வந்துபோக வழிசெய்த பிறகே மீண்டது. அங்கே பூஞ்சைக்கொல்லிக்கு என்ன வேலை? ஆஸ்திரேலியாவின் கார்ப்பென்டேரியா வளைகுடாவில் 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் 7,000 ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி பட்டுப்போனதற்கும், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவால் கடல்மட்டம் தற்காலிகமாகத் தாழ்ந்ததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

வேரழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா போன்ற உயிரிகளும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் நமக்கு வேண்டிய சொல் காரணத்தைச் சொல்லாமல் அறிகுறியை மட்டும் சொல்ல வேண்டும் என்கிறேன். 'நுனிமடிவு' இலை மடங்குவதாகப் பொருள்படும். 'பட்டுப்போதல்' மக்கள் வழக்கில் உள்ள அருமையான சொல்தான், ஆயினும் முழு மரமும் செத்த நிலையையே அது காட்டுகிறது. நமக்கோ காப்பாற்ற இன்னும் காலம் இருக்கும் நிலைக்குச் சொல் வேண்டும். ஆகவே 'நுனிமாய்வு' என்பதை முன்மொழிகிறேன். சுந்தரவன அலையாத்திக் காட்டுச் சுந்தரி மரங்கள் உச்சியிலிருந்து காய்வதற்கும் இது பொருந்தும். காரணம் உறுதியான இடத்தில் 'வேர்த்திணறல்', 'வேரழுகல்' என்று தனியே குறிக்கலாம்.

பாடநூல்களில் 'சுவாச வேர்' வேரூன்றிவிட்டதால், 'மூச்சுவேர்' என நான் எழுதியதை ஏற்பதா என்பதையும் குழு முடிவுசெய்ய வேண்டுகிறேன்.