அப்பத்தாவுக்குச் சொல்லாதீர்கள்

(குடும்பக் குழு. உறுப்பினர்கள் ஐவர். அப்பத்தா இதில் இல்லை. ஆச்சி என்றால் எங்கள் பக்கம் அக்கா. இழை என்பது பிள்ளையார் நோன்பன்று மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு எடுத்து உண்ணும் நூல்திரி.)

சனிக்கிழமை

முத்து, காலை 9.10: [படம்] ஆறு அங்குலப் பொம்மை. தலையும் கொண்டையும் நான் செய்தவை. சேலையை இன்று தொடங்குகிறேன். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க எல்லோரும் பள்ளத்தூரில் கூடும்போது அப்பத்தா கையில் கொடுத்துவிட வேண்டும்.

உமையாள் அயித்தை, 9.14: முகம் அப்படியே ஆத்தாதான். மூக்கில் மட்டும் கொஞ்சம் கோபம் தெரிகிறது. அது கிடக்கட்டும், தோள் ஏன் இப்படிப் புடைத்திருக்கிறது?

முத்து, 9.15: உள்ளே இருப்பது ஒரு வெளிநாட்டு வீராங்கனைப் பொம்மை, அயித்தை. பழைய சாமான் கடையில் கிடைத்தது. கேடயத்தைப் பிடுங்கியாயிற்று. தோளை இனிமேல்தான் அரத்தால் ராவ வேண்டும்.

வள்ளி ஆச்சி, 9.21: ஓர் அங்குலம் ஓர் அடி என்றுதானே கணக்கு? அப்படியானால் அப்பத்தா ஆறடி ஆகிவிட்டார். ஐந்தடி இருந்தாலே அதிகம்.

முத்து, 9.22: தொடையிலும் கெண்டைக்காலிலும் சேர்த்து முக்கால் அங்குலம் அறுத்து ஒட்டியிருக்கிறேன் ஆச்சி. இப்போது ஐந்தடி மூன்று அங்குலம். மிச்சம் பேரனின் சலுகை.

உமையாள் அயித்தை, 9.30: தலை களிமண் போலத் தெரிகிறதே, சுட வேண்டாமா? இங்கே கோவையில் என்னிடம் பெரிய ஓவன் இருக்கிறது. கொண்டு வா.

லெட்சுமணன் அண்ணன், 9.41: வேண்டவே வேண்டாம் அயித்தை. சுடுகிற பாலிமர் களிமண்ணுக்கு 130 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பொம்மையின் பிளாஸ்டிக் அதற்கு முன்பே இளகிவிடும். நான் சிங்கப்பூர் வந்த புதிதில் ஒரு போர்வீரனுக்கு மேலங்கி செய்து ஓவனில் வைத்தேன். மேலங்கி நன்றாக வந்தது. போர்வீரன் கைமுறுக்காக வெளியே வந்தான். முத்து பிசைவது எபாக்ஸி புட்டி. இரண்டு உருண்டைகளைச் சம அளவில் எடுத்துப் பிசைந்தால் தானே இறுகும், சூடு வேண்டாம்.

உமையாள் அயித்தை, 9.44: குழாய் ஒழுகினால் அடைப்பார்களே, எம்-சீல், அதுவா?

லெட்சுமணன் அண்ணன், 9.46: அந்தக் குடும்பம்தான். ஆனால் அது விரைவில் இறுகும், நாம் மடிப்பை யோசிப்பதற்குள் கல்லாகிவிடும். சிற்ப வேலைக்கென்று வருவது ஒன்றிரண்டு மணி நேரம் கைக்கு வளையும், முழுவதும் இறுக ஒரு நாள் ஆகும். முத்து, கையுறை போட்டுக்கொள். தோலில் தொடர்ந்து பட்டால் அரிக்கும். சிலருக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு தொடவே முடியாது.

அம்மா, 11.05: என் சப்பாத்திக் கட்டை எங்கே?

அம்மா, 11.05: முத்து.

முத்து, 11.20: டால்கம் பவுடர் தூவித்தான் தேய்த்தேன் அம்மா. ஒட்டவில்லை.

அம்மா, 11.21: அது இனி அடுப்படிக்குள் வரக்கூடாது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை

முத்து, மாலை 4.32: [படம்] முதல் முயற்சி. நீங்களே சொல்லுங்கள்.

வள்ளி ஆச்சி, 4.40: அப்பத்தா சமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பதைப் போல இருக்கிறது.

முத்து, 4.41: பழைய ஏ.டி.எம். அட்டைகளை இரு பக்கமும் வைத்து, அந்தக் கனத்துக்குத்தானே உருட்டினேன்! அதைவிட மெல்லியதாக எப்படி?

லெட்சுமணன் அண்ணன், 4.55: அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கிப் பார், ஒன்பது மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சேலை! நிஜமான கனத்துக்கு உருட்ட யாராலும் முடியாது, எடுக்கும்போதே கிழியும். அதனால் கண்ணை ஏமாற்ற வேண்டியதுதான். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் எவ்வளவு கனம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. முந்தானை ஓரம், கீழ்க்கரை, மடிப்பின் விளிம்பு, இந்த மூன்றும்தான் கண்ணில் படும். அங்கே மட்டும் ஈரவிரலால் நீவி நீவி அப்பளத்து ஓரம்போல ஆக்கு.

முத்து, 4.57: மேல்பரப்பு எப்படி? நிஜத் துணியை அழுத்தி நெசவு பதியவைத்தேன்.

லெட்சுமணன் அண்ணன், 4.58: அதுதான் சாக்குப்பையாகத் தெரிகிறது. நிஜ நூல் இந்தப் பொம்மைக்குக் கயிறு. வழவழப்பாக விட்டுவிடு, நெசவெல்லாம் வண்ணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

லெட்சுமணன் அண்ணன், 5.10: இன்னொன்று. மடிப்புகள் தனித்தனியாக அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றுகூட எங்கிருந்தும் புறப்படவில்லை. சீப்பால் கீறியதுபோல நிற்கின்றன. துணியை எது பிடித்திருக்கிறது என்று முதலில் பார். இடுப்பில் செருகிய இடம் ஒரு பிடி, தோள் ஒரு பிடி, முழங்கால் முட்டும் இடம் ஒரு பிடி. எல்லா மடிப்பும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். ஒரே பிடியிலிருந்து விழுந்தால் குழாய் குழாயாக இறங்கும். இரண்டு பிடிகளுக்கு நடுவே தளர்ந்தால் தூளிபோலத் தொங்கும். கை மடங்கினால் உள்பக்கம் கசங்கி நெருங்கும், வெளிப்பக்கம் இழுபட்டு மடிப்பே இல்லாமல் இருக்கும்.

உமையாள் அயித்தை, 5.16: நம் வீட்டு முகப்பில் கஜலட்சுமி சுதை இருக்கிறதே, அதன் சேலையைப் பார்த்துச் செய்யேன். [படம்]

முத்து, 5.30: பார்த்தேன் அயித்தை. விசிறிபோல ஒவ்வொரு மடிப்பும் ஒரே அளவு. அது அம்மன் உடுத்துவது, கசங்கவே கசங்காது. அப்பத்தா சேலை காலையில் அடுப்படி, மத்தியானம் திண்ணை, சாயங்காலம் கோயில் என்று ஒரு நாள் முழுக்க உழைத்தது. அந்தக் கசங்கல்தான் எனக்கு வேண்டும்.

வள்ளி ஆச்சி, 5.52: [படம்] [படம்] அப்பத்தாவின் பழைய கண்டாங்கி. நாற்காலி முதுகில் போட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தேன். நேராக விளக்கைக் காட்டினால் மடிப்பே தெரியவில்லை.

முத்து, 5.53: இதுதான் ஆச்சி! பட்டுபோல வழியாமல் விறைப்பாக உடைந்து விழுகிறது, பாருங்கள்.

வள்ளி ஆச்சி, 5.55: "என் சேலையை எதற்கடி படம் எடுக்கிறாய்" என்று கேட்டார். துவைக்க என்று சொல்லிவிட்டேன்.

உமையாள் அயித்தை, 5.56: துவைக்கப் படம் எதற்கு?

வள்ளி ஆச்சி, 5.56: அவரும் அதையேதான் கேட்டார்.

புதன்கிழமை

முத்து, இரவு 8.15: [படம்] இந்த முறை அவசரப்படவில்லை. பொம்மையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். புட்டியைப் பிசைந்து முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். உடனே உருட்டினால் பசையாக இழுக்கிறது, ஆறிய பிறகு தோல்போல எழும்பி வருகிறது. கைக்கும் முந்தானைக்கும் நடுவே வாசலைன் தடவியிருக்கிறேன், அதனால் கை இன்னும் அசைகிறது. கால் இனி அசையாது, அப்பத்தா நின்றுகொண்டேதான் இருப்பார். கொசுவத்துக்கு ஏழு மடிப்பும் வைத்தால் வயிறு உப்புகிறது. மூன்று மட்டும் நிஜமாக வைத்துவிட்டு மற்றதை ஊசியால் கோடிழுத்தேன்.

லெட்சுமணன் அண்ணன், 8.22: முந்தானை விளிம்பு பிரமாதம். நான் செய்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது.

உமையாள் அயித்தை, 8.25: கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது முத்து.

வியாழக்கிழமை

வள்ளி ஆச்சி, காலை 7.02: ஒரு தப்பு நடந்துவிட்டது. திட்டக்கூடாது.

வள்ளி ஆச்சி, 7.02: கைப்பேசியை ஊஞ்சலில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். திரையில் படம் திறந்தபடி இருந்தது.

முத்து, 7.03: பார்த்துவிட்டாரா???

வள்ளி ஆச்சி, 7.05: கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். குரல் செய்தி அனுப்பச் சொல்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:

"முத்து, யாருடைய சேலையப்பா இது? கொசுவத்தை முன்னால் வைத்திருக்கிறாய். நான் என்றைக்கு முன்கொசுவம் வைத்தேன்? கண்டாங்கிக்குப் பின்கொசுவம். குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவளுக்கு முன்னால் கொசுவம் தொங்கினால் காலில் தட்டாதா? கரையும் பாதத்தை மூடிக்கொண்டு கிடக்கிறது. கணுக்காலுக்கு மேலே ஏற்று. இது டவுன்காரி கட்டு."

முத்து, 7.06: புட்டி இறுகிப் பதினொரு மணி நேரம் ஆகிவிட்டதே.

அம்மா, 7.10: இதை நான் கவனித்திருக்க வேண்டும். தினமும் பார்க்கிற பொருளே கண்ணில் படாமல் போய்விடுகிறது.

லெட்சுமணன் அண்ணன், 7.31: நானும்தான் பிரமாதம் என்று சொல்லித் தொலைத்தேன். பரவாயில்லை முத்து, இறுகிய புட்டியைச் செதுக்கலாம், ராவலாம். நாளைவரை விட்டுவிடு, முழுவதும் இறுகினால்தான் சுத்தமாக ராவ வரும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய், முகக்கவசம் போட்டுக்கொள், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. முன்பக்கத்தைத் தட்டையாக்கிவிட்டுப் பின்னால் புது ஏடு ஒட்டு. பழையதன்மேல் புதியது நன்றாகப் பிடிக்கும்.

வள்ளி ஆச்சி, 8.40: அப்பத்தா தானே எழுந்து சேலையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்கிறார். "எடுத்துக்கொள்" என்கிறார். [படம்] [படம்] [படம்] மூன்றாவது படத்தில், கொசுவம் செருகிய இடத்துக்குக் கீழே துணி முதலில் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்று, பிறகுதான் விழுகிறது. அதைக் கவனி.

முத்து, 8.44: ஆமாம்! நாற்காலியில் போட்ட சேலையில் இது எப்படித் தெரியும்? உடம்பு இருந்தால்தானே!

அடுத்த வாரச் சனிக்கிழமை

முத்து, இரவு 10.05: [படம்] பின்பக்கம். கீழே கெண்டைக்கால் தெரிகிறது. வண்ணம் அரக்கும் கடுகு மஞ்சளும், கரை கறுப்பு. அடிவண்ணம் காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த பழுப்பை மடிப்புக்குள் ஓடவிட்டேன். கட்டம் போடுவதற்குத்தான் இரண்டு ராத்திரி. நேர்க்கோடாக இழுத்தால் துணிமேல் வரைபடத்தாள் ஒட்டியதைப்போல ஆகிவிடுகிறது. மடிப்பு உள்ளே போகும் இடத்தில் கோடும் உள்ளே போய், வெளியே வரும்போது ஒரு நூல் தள்ளி வர வேண்டும்.

உமையாள் அயித்தை, 10.12: 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அதில் உன் பொம்மையையும் சேர்த்துவிடலாம்.

லெட்சுமணன் அண்ணன், 10.14: நெசவே இல்லாத சேலைக்கா, அயித்தை?

வள்ளி ஆச்சி, 10.31: அப்பத்தா இன்னும் தூங்கவில்லை. படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். கொசுவம் சரியாம். கரை இன்னும் ஒரு விரல் அகலமாக இருக்க வேண்டுமாம்.

முத்து, 10.32: யார் விரல்? அவருடையதா, பொம்மையுடையதா?

வள்ளி ஆச்சி, 10.33: பொம்மையுடையது.

முத்து, 10.34: மூக்கைக் கொஞ்சம் ராவி, கோபத்தைக் குறைக்கட்டுமா என்று கேளுங்கள் ஆச்சி. அயித்தை முதலிலேயே சொன்னார்.

வள்ளி ஆச்சி, 10.36: "மூக்கைத் தொட்டால் நோன்பன்று உனக்கு இழை கிடையாது" என்கிறார்.