மாட்டுக்குத் தண்ணி காட்டிய கல்தொட்டி: எங்கள் ஊர் அனுபவம்

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில், மாடுகள் தண்ணீர் குடிக்க வைத்த பழைய கல்தொட்டி ஒன்றைப் பார்த்ததாக ஒரு அண்ணன் எழுதியிருந்தார். எங்கள் ஊர்த் தொட்டியையும் சொல்லிவிடுகிறேன்.

காங்கேயம் பக்கம், பழைய வண்டித்தடம் மேடேறி முடிகிற இடத்தில் இருக்கிறது. ஒரே கருங்கல்லைக் குடைந்தது. ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். அடியில் ஒரு ஓட்டை. துணி சுற்றிய கட்டையால் அதை அடைத்திருப்பார்கள். பாசி பிடித்தால் கட்டையைப் பிடுங்கித் தண்ணீரை வடியவிட்டு, நன்றாகத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மாடுகள் கழுத்தை வைத்து வைத்து, தடத்துப் பக்க விளிம்பு மட்டும் வழவழவென்று பள்ளம் விழுந்து கிடக்கிறது.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) திருப்பூருக்குப் பருத்தி ஏற்றிப் போனவர். மேடேறியதும் மாட்டை அவிழ்த்துவிட்டு, இளைப்பு ஆறின பிறகுதான் தண்ணி காட்டுவாராம். மெதுவாகச் சீட்டியடித்துக்கொண்டே நின்றால் மாடு நிதானமாகக் குடிக்கும். அப்புறம் பக்கத்தில் நட்டிருக்கும் கல்லில் போய் உரசிக்கொள்ளும். முப்பத்திரண்டு அறங்களில் தண்ணீர்ப் பந்தலோடு, மாடு உரசிக்கொள்ள நடும் இந்த ஆவுரிஞ்சு தறியையும் சேர்த்தார்களே, மாட்டுக்கு அரிக்கும் என்றுகூட யோசித்த மனசு அது!

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது அங்கேயும் கிரானைட் தொட்டி பார்த்தேன். காலரா பயம் இருந்த காலத்தில், 1859-ல், ஜனங்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்கவேண்டும் என்று சாமுவேல் கர்னி என்பவர் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார். 1867-ல் சங்கத்தின் பெயரிலேயே மாட்டுத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டார்கள். நாய் குடிக்கக் கீழே தனியாக ஒரு சின்னத் தொட்டி வேறு. இப்போது மேல்தொட்டியில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அழகுதான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

எங்கள் தொட்டியை ரோடு அகலப்படுத்தும்போது பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். ஊர்ப் பையன்கள் பொக்லைன் பிடித்துத் தூக்கி, வேப்பமரத்தடியில் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும்போதெல்லாம் நிரப்பிவிடுகிறார்கள். மேய்ச்சல் ஆடுகள், தெருநாய்கள், மதியத்தில் மயில்கள் எல்லாம் குடிக்கின்றன.

தாராபுரம் ரோட்டிலும் அந்தியூர்ப் பக்கமும் இந்த மாதிரித் தொட்டிகள் பார்த்தவர்கள் இடத்தைச் சொல்லுங்கள். அடி ஓட்டை திறந்து கிடந்தால் கவலை வேண்டாம். ஒரு கட்டையும் பழைய வேட்டித் துணியும் இருந்தால் அடைத்துவிடலாம். தண்ணீர் ஊற்ற பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் சம்மதித்தால் போதும்.