முதல் நாய்: எந்த இனம் எடுக்கலாம்? (லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி, ஏழு வயசுப் பையன்)

மூணாவதுமாடி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் இதுவரைக்கும் நாய் வளர்த்ததே இல்லை. பையன் வீடியோ பார்த்துப் பார்த்து ஹஸ்கிதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். கணவருக்கு லேப்ரடார் ஆசை. எனக்குப் பக் மாதிரி மடியில உக்கார்ற சின்ன நாயா இருந்தா போதும். காலையில எல்லாரும் கிளம்பினா மூணு மணிக்குத்தான் பையன் வருவான், அதுவரைக்கும் வீட்ல மாமியார் மட்டும். அவங்களுக்கு மூட்டுவலி, படி இறங்க முடியாது. பக்கத்து வீடு சுவரொட்டி இருக்கு. முடி கொட்டக் கூடாது, ரொம்பக் குரைக்கக் கூடாது, குழந்தையோட ஒத்துப்போகணும். அப்படி எந்த இனம் இருக்கு? கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

ஈரமூக்கு:
ஹஸ்கியை முதல்ல கழிச்சுடுங்க. சைபீரியாவுல சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய் அது. நாள் முழுக்க ஓடினாலும் சளைக்காத உடம்பு. நாலு சுவத்துக்குள்ள அடைச்சா அந்த வேகம் மொத்தமும் உங்க சோபா மேலதான் இறங்கும். உள்முடி உதிர்ற பருவத்துல கொத்துக் கொத்தா கையோட வரும். குரைக்கிறது கம்மிதான், ஆனா ஊளை விடும். சுவரொட்டின பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட அந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்க!

லேப்ரடார் நல்ல நாய்தான், மறுக்கலை. ஆனா வளர்ந்தா 25லேர்ந்து 36 கிலோ வரும், முதல் ரெண்டு மூணு வருஷம் குட்டி புத்திதான். மாமியார் கதவைத் திறக்கும்போது பாசத்துல ஒரு தாவு தாவினா போதும். அப்புறம் யாரும் யோசிக்காத விஷயம் ஒண்ணு: முப்பது கிலோ நாய்க்குக் கால்ல அடிபட்டா மூணு மாடி யார் தூக்கிட்டு இறங்குவாங்க?

கிளினிக்_உதவியாளர்:
கால்நடை மருத்துவர்கிட்ட வேலை செய்யறேன். பக் பத்தி மட்டும் சொல்றேன் மேடம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கு தட்டையா, உள்ள அண்ணத்துச் சதை நீளமா இருந்தா அந்த மூச்சே சரியா போகாது. குறட்டை விடுதுன்னு ரசிச்சு வீடியோ போடறாங்களே, அது காத்து போக வழியில்லாம வர்ற சத்தம். வெயில் நேரத்துல மூணு மாடி ஏறி வந்து நாக்கு நீலம் பாரிச்சு எங்ககிட்ட கொண்டுவருவாங்க. கண்ணு வெளியே துருத்தி இருக்கறதால அதுல புண்ணும் சீக்கிரம் வரும். பிரெஞ்ச் புல்டாக்கும் இதே கதைதான்.

பக்_அப்பா:
எங்க பக் நல்லாத்தான் இருக்கு. எல்லாத்தையும் பயமுறுத்தாதீங்க.

கிளினிக்_உதவியாளர்:
சந்தோஷம் சார். மூக்குத் துவாரம் நல்லா திறந்து, மூஞ்சி கொஞ்சம் நீளமா இருக்கற பக்கும் உண்டு. எடுக்கறவங்க தாய் தகப்பன் நாயை நேர்ல பார்த்து, கொஞ்சம் ஓடவிட்டு மூச்சைக் கேட்டுட்டு எடுக்கணும்னுதான் சொல்றேன்.

மூணாவதுமாடி:
ஹஸ்கி, பக் ரெண்டும் போச்சு 😀 பையன் இப்போ பீகிள்னு ஆரம்பிச்சுட்டான். பூடில் முடியே கொட்டாதுங்கறாங்களே, நிஜமா? கணவருக்குத் தூசு பட்டா தும்மல் வேற.

ஈரமூக்கு:
பீகிள் குழந்தைங்களோட நல்லா சேரும், அளவும் கைக்கடக்கம். தொண்டைதான் பிரச்சினை. கூட்டமா முயல் துரத்தும்போது பின்னால வர்ற வேட்டைக்காரனுக்குக் கேக்கணும்னு வளர்த்த குரல் அது. தனியா விட்டா அந்தக் குரல் பகல் முழுக்க வரும்.

பூடிலுக்கு முடி கம்மியா உதிரும், ஆனா நிக்காம வளரும். நாலஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டணும், நடுவுல சீவாம விட்டா சடை பிடிச்சுக்கும். தும்மலுக்குக் காரணம் முடி மட்டும் இல்லை. எச்சில்லயும் தோல் செதில்லயும் இருக்கற புரதம்தான், அது எல்லா நாய்க்கும் உண்டு. கணவரை நாய் இருக்கற வீட்ல சில தடவை ரொம்ப நேரம் உக்காரவெச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் இனம் பேசலாம்.

பழையகயிறு:
தங்கச்சி, எல்லாரும் இனத்தையே பேசறாங்க. நான் வயசைப் பேசறேன். குட்டி எடுக்காதீங்க.

மூணு மாசக் குட்டி அதிகபட்சம் மூணு நாலு மணி நேரம் அடக்கும். பழக்கற காலத்துல தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடினதும் வெளிய தூக்கிட்டுப் போகணும். ஒவ்வொரு தடவையும் மூணு மாடி. தடுப்பூசி வரிசை முடியறப்போ குட்டிக்குச் சுமார் 16 வார வயசு ஆகிடும், அதுவரைக்கும் மத்த நாய்ங்க போயிட்டு வர்ற தரையில விட முடியாது, பார்வோங்கற உயிருக்கே ஆபத்தான வைரஸ் நோய் வந்துடும். ஆனா அதே வாரங்கள்லதான் ஆளுங்க, வண்டி, சத்தம் எல்லாத்தையும் அது பார்த்துப் பழகியாகணும், கையில தூக்கிட்டே சுத்தணும். பகல்ல உங்க வீட்ல இதெல்லாம் யார் செய்வாங்க? மாமியாரால ஆகாது.

ரெண்டு மூணு வயசான நாயா பாருங்க. அதோட குணம் ஏற்கனவே கண்ணுக்குத் தெரியும். 2022-ல 'சயின்ஸ்' இதழ்ல 18,000 நாய்களுக்கு மேல வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. நாய்க்கு நாய் இருக்கற குண வித்தியாசத்துல இனத்தோட பங்கு சுமார் 9 சதவீதம்தான்னு சொன்னாங்க. அதுக்காக இனமே பொய்யில்லை, ஆடு மேய்க்க வளர்த்த பார்டர் காலி இன நாய் ஓடற குழந்தையோட குதிகாலைக் கவ்வி மந்தை சேர்க்கப் பார்க்கும். ஆனா சாதுவான இனம்னு நம்பி கண்ணை மூடிட்டு எடுக்க முடியாது. நாய்க் காப்பகத்துல குட்டிப் பருவம் தாண்டின கலப்பு நாய் நிறைய இருக்கும், அங்க வேலை செய்யறவங்களுக்கு எது குரைக்கும், எது குழந்தைகிட்ட போகும்னு அத்துப்படி.

மூணாவதுமாடி:
அண்ணா, நீங்க சொன்னதைக் கேட்டு காப்பகத்துல பேசினோம். மூணு வயசுப் பெண் நாய், கலப்பு, 14 கிலோ, கருத்தடை ஆகியிருக்காம். வர்ற ஞாயிறு பார்க்கப் போறோம். என்ன கவனிக்கணும்?

பழையகயிறு:
நல்லது. மாமியாரைத் தவிர எல்லாரும் போங்க. பையன் கிட்டப் போகாம ஓரமா உக்காரட்டும், நாயே வரட்டும். தலையைத் திருப்பிக்கிட்டு உதட்டை நக்கினாலோ, வாலை இடுக்கினாலோ அதுக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம், வற்புறுத்தாதீங்க. உடம்பைத் தளர்த்தி, வளைஞ்சு நெளிஞ்சு வந்தா நல்ல அறிகுறி. அப்புறம் பையனைக் கொஞ்சம் தூரத்துல ஓடச் சொல்லிட்டு நாயோட முகத்தைப் பாருங்க. கயித்துல கட்டி படி ஏற வெச்சுப் பாருங்க, சில நாய் படியையே பார்த்திருக்காது. தனியா விட்டா என்ன செய்யும்னு காப்பகத்துல கட்டாயம் கேளுங்க. ரெண்டு வாரம் வீட்ல வெச்சுப் பார்த்துட்டு முடிவு செய்ய விடுவாங்களான்னும் கேளுங்க.

கிளினிக்_உதவியாளர்:
எடுத்துட்டு வந்தா கழுத்துப்பட்டையில சின்ன மணி கட்டுங்க மேடம். காலடியில நாய் படுத்திருக்கறது தெரியாம மாமியார் தடுக்கிடக் கூடாது. படுக்கையையும் அவங்க நடக்கற வழியில போடாதீங்க.

மூணாவதுமாடி:
மணி வாங்கிடறேன். பையன்தான் இப்பவே பேரு வைக்க ஆரம்பிச்சுட்டான், அதுக்கு ஏற்கனவே பேரு இருக்காம்னு சொன்னா கேக்க மாட்டேங்கறான்.

ஈரமூக்கு:
புதுப் பேருக்கு ரெண்டு மூணு நாள்ல திரும்பிப் பார்க்கும், கூப்பிடும்போது கையில தீனி இருந்தா போதும்.