மொரிஸ் மைனருக்குப் பழைய சிக்னல் கை கிடைக்குமா?

வணக்கம். ஹட்டனில் அப்பாவின் 1959 மொரிஸ் மைனர் காரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 948 சிசி எஞ்சின் அருமையாக ஓடுகிறது. தேடுவது கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து கைபோல எழும்பும் சிக்னல், இடப்பக்கத்தது. மஞ்சள் மூடி உடைந்து, உள்ளே செம்புக் கம்பிச் சுருள் கருகிவிட்டது. 1961இல் மின்னும் விளக்குக்கு மாறிவிட்டார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. அந்தக் கை 'டக்' என்று எழும்பும் சத்தத்தை அப்பா மறுபடி கேட்க வேண்டும்.

அப்புறம், முன் பிரேக் ஷூ. பிந்திய 1098 சிசி காருடையது சரிவராது. அதன் ட்ரம் 8 அங்குலம், இதற்கு 7. கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கோடு விளையாட முடியாது.

பண்டாரவளை, பதுளைப் பக்கப் பழைய கராஜ்களில் கண்டவர்கள் சொல்லுங்கள் அண்ணன்மாரே. பழுதானதென்றாலும் பரவாயில்லை, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.